லினக்ஸ் டெஸ்க்டாப்பில் எந்த மியூசிக் பிளேயர்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சொந்தமாகப் பாடல் கோப்புகளைச் சேர்த்து வைத்திருப்பவர்களுக்கான பக்கம் இது. கட்டளைகள், கோப்புகள், அமைப்புகள் ஆகியவற்றின் பெயர்களை ஒலிப்புப்படி தமிழில் தந்திருக்கிறோம். டெர்மினலில் தட்டும்போது ஆங்கில எழுத்திலேயே தட்ட வேண்டும்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், எதை நிறுவுவது?

ஆயிரக்கணக்கில் பாடல்கள், ஆல்பம் ஆல்பமாகக் கேட்கும் பழக்கம் என்றால் ஸ்ட்ராபெரி. க்னோம் டெஸ்க்டாப்பில் அதிகம் நோண்டாமல் பாட்டு, பாட்காஸ்ட், இணைய வானொலி மூன்றும் ஒரே இடத்தில் வேண்டுமென்றால் ரிதம்பாக்ஸ். கேடிஇ பிளாஸ்மாவில் எளிமையாக ஒன்று போதும் என்றால் எலிசா. பாடகர், ஆல்பம் போன்ற விவரங்களைக் கோப்புக்குள்ளேயே சொல்லும் டேக்குகளைத் தோண்டித் துருவுகிறவர்களுக்குக் குவோட் லிபெட். கோப்புறையைத் திறந்து பாட்டைப் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கிறவர்களுக்கு டெட்பீஃப் அல்லது ஆடேஷியஸ். டெர்மினலிலேயே வாழ்கிறவர்களுக்குச் சிமஸ்.

எல்லாமே இலவசம். இரண்டு மூன்றை ஒரே கணினியில் வைத்துப் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் ஒரே பாடல் கோப்புறையில் டேக் எழுதும் உரிமையை ஒரு சமயத்தில் ஒன்றுக்கு மட்டும் கொடுங்கள்.

விஎல்சி ஏற்கெனவே இருக்கிறதே, அது போதாதா?

அவ்வப்போது ஒரு பாட்டு கேட்க, தாராளமாகப் போதும். எந்தக் கோப்பைக் கொடுத்தாலும் பாடும். குறை தெரிவது தொகுப்பு பெருகும்போதுதான். பாடகர், ஆல்பம், ஆண்டு என்று பிரித்துத் தேடும் வசதி பெயரளவுக்கே இருக்கிறது. விஎல்சி 3 வரிசையில் இடைவெளியில்லா இசைப்பு கிடையாது. ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும்போது சின்ன மௌனம் விழும். நேரடிக் கச்சேரிப் பதிவுகளில் இது காதில் குத்தும்.

எந்தப் பிளேயரில் ஒலித்தரம் அதிகம்?

பிளேயரை மாற்றுவதால் தரம் கூடாது. ஃபிளாக் இழப்பில்லாத வடிவம். அதை எந்தப் பிளேயர் விரித்தாலும் அதே எண்கள்தான் வெளிவரும். ஃபிளாக் கோப்பின் தலைப்பகுதியிலேயே மூல ஒலிக்கான எம்டி5 சரிபார்ப்பு எண் பொதுவாக இருக்கும். 'ஃபிளாக் --டெஸ்ட்' என்று ஓட்டினால் கோப்பு பழுதில்லாமல் இருக்கிறதா என்று அதைக் கொண்டே தெரிந்துகொள்ளலாம்.

ஒரு பிளேயரில் நன்றாகவும் இன்னொன்றில் மந்தமாகவும் கேட்டால், கோப்பை விரித்த பிறகு நடந்ததைத்தான் பார்க்க வேண்டும். ஈக்வலைசர் திறந்திருக்கிறதா, சத்தத்தைச் சமன்செய்யும் ரீபிளேகெய்ன் ஒன்றில் மட்டும் இயங்குகிறதா, பிளேயரின் ஒலியளவு 60 சதவீதத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். கொஞ்சம் சத்தம் கூடினாலே காதுக்குத் தரம் கூடியதுபோல் தோன்றும். ஒப்பிடும்போது பிளேயர்கள் எல்லாவற்றிலும் ஒலியளவை 100இல் வைத்து, ஈக்வலைசரை அணைத்து, கணினியின் ஒலியளவை மட்டும் பயன்படுத்துங்கள்.

ஆகவே பிளேயரைத் தேர்ந்தெடுக்கும்போது ஒலித்தரத்தை ஒதுக்கிவிடலாம். பிளேயர் உங்கள் தொகுப்பை எப்படி அடுக்குகிறது, நீங்கள் செய்த வேலையை எங்கே சேமிக்கிறது என்பவைதான் பிளேயருக்குப் பிளேயர் நிஜமாக வேறுபடுபவை.

சிடி பாடல்கள் 44.1 கிலோஹெர்ட்ஸ். லினக்ஸ் அதை 48க்கு மாற்றிவிடுகிறது என்கிறார்களே?

உண்மைதான். இந்த எண் ஒரு வினாடிக்கு எத்தனை ஆயிரம் ஒலி மாதிரிகள் என்ற வேகத்தைக் குறிக்கிறது. இன்றைய டிஸ்ட்ரோக்களில் (லினக்ஸ் வகைகளில்) ஒலியைக் கையாள்வது பைப்வயர். ஃபெடோராவில் 34ஆம் பதிப்பிலும் உபுண்டுவில் 22.10இலும் அது இயல்பாக வந்தது. அது இயல்பாகவே 48 கிலோஹெர்ட்ஸில் ஓடும். அதற்கு முன் இருந்த பல்ஸ்ஆடியோவின் இயல்பு 44.1. அதனால்தான் இந்தக் கேள்வி அண்மைக் காலத்தில் அதிகம் வருகிறது.

மாற்றும் வேலையைப் பைப்வயர் நன்றாகவே செய்கிறது. பெரும்பாலோருக்கு வித்தியாசம் கேட்காது. இருந்தாலும் கோப்பின் வேகத்திலேயே ஒலிக் கருவி ஓட வேண்டும் என்று விரும்பினால் வழி எளிது. வீட்டு அடைவில் மறைந்திருக்கும் 'கான்ஃபிக்' கோப்புறைக்குள் 'பைப்வயர்', அதற்குள் 'பைப்வயர்.கான்ஃப்.டி' என்ற கோப்புறையை உருவாக்குங்கள். அதில் '.கான்ஃப்' என்று முடியும் ஒரு கோப்பு வைத்து, 'கான்டெக்ஸ்ட்.ப்ராப்பர்ட்டீஸ்' பகுதிக்குள் 'டீஃபால்ட்.கிளாக்.அலவ்ட்-ரேட்ஸ்' என்ற மதிப்புக்கு 44100, 48000, 88200, 96000 ஆகியவற்றைச் சதுர அடைப்புக்குள் இடைவெளி விட்டுக் கொடுங்கள். உங்கள் ஒலிக் கருவி தாங்குகிற எண்கள் மட்டும் போதும். வெளியேறி மறுபடி உள்நுழையுங்கள்.

சரியாக நடக்கிறதா என்று பார்க்க, பாட்டு ஓடும்போது டெர்மினலில் 'பிடபிள்யூ-டாப்' கட்டளையைத் தட்டுங்கள். 'ரேட்' என்ற பத்தியில் 44100 தெரிய வேண்டும். இன்னும் 48000 என்றே நின்றால், வேறு ஏதாவது அப்போது ஒலித்துக்கொண்டிருக்கும். உலாவியில் ஒரு காணொளி ஓடுகிறது என்றால் பைப்வயர் வேகத்தை மாற்றாது, சும்மா இருக்கும் நேரத்தில்தான் மாற்றும். உலாவியின் அந்தத் தாவலை மூடிவிட்டுப் பாட்டை மறுபடி தொடங்குங்கள்.

பைப்வயரைத் தாண்டி, அதற்கு அடியில் இருக்கும் ஒலி அடுக்கான அல்சாவுக்கே நேராக அனுப்பினால்?

அனுப்பலாம். ஸ்ட்ராபெரி, டெட்பீஃப், பின்னணிச் சேவையான எம்பிடி எல்லாவற்றிலும் வெளியீட்டுக் கருவியாக அல்சாவின் 'எச்டபிள்யூ' கருவியைத் தேர்ந்தெடுக்க முடியும். ஆனால் அதற்குப் பிறகு அந்தக் கருவி அந்தப் பிளேயருக்கு மட்டும்தான் சொந்தம். அழைப்பு மணி, அறிவிப்பு, காணொளி எதுவும் அதில் கேட்காது. வேறு ஏதோ ஒன்று கருவியை முன்பே பிடித்திருந்தால் 'டிவைஸ் ஆர் ரிசோர்ஸ் பிஸி' என்ற பிழை வரும். இசைக்கென்றே தனி யூஎஸ்பி டிஏசி (வெளி ஒலிக் கருவி) வைத்திருப்பவர்களுக்கு இது பொருந்தும். ஒரே ஒலிக் கருவியில் எல்லாவற்றையும் கேட்கிறவர்களுக்கு நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

சில பாடல்கள் மட்டும் பாட மறுக்கின்றன. ஏன்?

ரிதம்பாக்ஸ், ஸ்ட்ராபெரி, குவோட் லிபெட் ஆகியவை கோப்புகளை விரிக்க ஜிஸ்ட்ரீமர் என்ற பொது மென்பொருளை நம்பி இயங்குகின்றன. ஜிஸ்ட்ரீமரின் செருகுநிரல்கள் 'குட்', 'பேட்', 'அக்லி', 'லிப்ஏவி' என்று தனித்தனித் தொகுப்புகளாக வரும். ஆப்பிளின் இழப்பில்லா வடிவமான அலாக், டபிள்யூஎம்ஏ, ஏப் கோப்புகள் பாடவில்லை என்றால் பெரும்பாலும் 'லிப்ஏவி' தொகுப்பு இல்லை என்று பொருள். உபுண்டுவில் 'உபுண்டு-ரெஸ்ட்ரிக்டட்-எக்ஸ்ட்ராஸ்' நிறுவினால் பெரும்பாலான வடிவங்களுக்குத் தேவையானது வந்துவிடும். ஃபெடோராவில் ஆர்பிஎம் ஃபியூஷன் களஞ்சியத்தையும் ஓப்பன்சூசேயில் பேக்மேன் களஞ்சியத்தையும் சேர்க்க வேண்டியிருக்கலாம். எம்பி3இன் காப்புரிமைத் தொல்லை 2017இலேயே முடிந்துவிட்டது. புதிய டிஸ்ட்ரோ எதிலும் எம்பி3 பாடாமல் இருக்கக் காரணமில்லை.

நிறுவியும் பாடவில்லையா? கோப்பின் பின்னொட்டைப் பாருங்கள். 'எம்4பி' என்று முடிந்தால் அது பூட்டுப்போட்ட கோப்பு. ஐடியூன்ஸ் கடையில் 2009க்கு முன் வாங்கியவற்றில் பல இப்படி இருக்கும். எந்த லினக்ஸ் பிளேயரும் அதைத் திறக்காது.

பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே இடைவெளி விழுகிறது.

முதலில் 'கிராஸ்ஃபேட்' (ஒரு பாட்டு மங்கும்போதே அடுத்தது ஏறும் வசதி) அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். அது ஓடும்போது இடைவெளியில்லா இசைப்பு இருக்காது. இரண்டையும் சேர்த்துக் கேட்க முடியாது.

அடுத்தது கோப்பு வடிவம். எம்பி3 ஒலியை 1152 மாதிரிகள் கொண்ட கட்டங்களாக வெட்டிச் சேமிக்கிறது. சிடி வேகத்தில் ஒரு கட்டம் ஏறத்தாழ 26 மில்லிவினாடி. பாட்டு அந்தக் கட்டத்தின் நடுவில் முடிந்தால் மிச்சம் மௌனத்தால் நிரப்பப்படும். தொடக்கத்திலும் குறியாக்கி கொஞ்சம் மௌனம் சேர்க்கும். எவ்வளவு சேர்த்தோம் என்பதை லேம் குறியாக்கி கோப்பின் முதல் கட்டத்தில் எழுதி வைக்கிறது. பிளேயர் அதைப் படித்தால் வெட்டி எறிந்துவிடும். அந்தக் குறிப்பு இல்லாத எம்பி3களைக் கச்சிதமாகச் சேர்க்க எந்தப் பிளேயராலும் ஆகாது. சிடியிலிருந்து மறுபடி ஃபிளாக்காக எடுப்பதுதான் தீர்வு. ஃபிளாக்கில் இந்தச் சிக்கலே எழாது.

ஒரு பாட்டு காதைப் பிளக்கிறது, அடுத்தது முணுமுணுக்கிறது. சமன்செய்ய முடியுமா?

முடியும். அதற்குத்தான் ரீபிளேகெய்ன் இருக்கிறது. ஒவ்வொரு பாட்டின் சத்தத்தையும் அளந்து, எத்தனை டெசிபல் குறைக்க வேண்டும் அல்லது கூட்ட வேண்டும் என்பதை டேக்கில் எழுதி வைக்கும் முறை இது. ஒலித் தரவை அது தொடுவதில்லை.

அளக்க 'ஆர்எஸ்கெய்ன்' என்ற டெர்மினல் கருவி போதும். 'ஆர்எஸ்கெய்ன் ஈஸி' என்று தட்டி, பக்கத்தில் பாடல் கோப்புறையின் பாதையைக் கொடுங்கள். உள்ளே இருக்கும் ஒவ்வொரு கோப்புறையையும் ஓர் ஆல்பமாகக் கொண்டு, -18 எல்யூஎஃப்எஸ் (சத்தத்தை அளக்கும் அலகு) என்ற இலக்குக்கு அளந்து எழுதிவிடும். எல்லாப் பாடல்களையும் ஒரே கோப்புறையில் கொட்டி வைத்திருந்தால் அத்தனையும் ஒரே ஆல்பமாகிவிடும். அளப்பதற்கு முன் ஆல்பவாரியாகப் பிரித்து விடுங்கள்.

பிறகு பிளேயரில் ரீபிளேகெய்னை இயக்குங்கள். ரிதம்பாக்ஸில் அது ஒரு செருகுநிரல், இயல்பில் அணைந்திருக்கும். 'டிராக்', 'ஆல்பம்' என்று இரண்டு முறை கேட்கும். கலந்துகட்டிப் பாட்டு கேட்பவர்கள் 'டிராக்' எடுக்கலாம். ஆல்பத்தை முழுதாகக் கேட்பவர்களுக்கு 'ஆல்பம்' முறையே சரி. இல்லாவிட்டால் வேண்டுமென்றே மெல்லிதாகப் பதிவு செய்த பாட்டும் மற்றவற்றின் சத்தத்துக்கு உயர்ந்துவிடும்.

இயக்கியதும் எல்லாமே சத்தம் குறைந்ததுபோல் இருக்கும். அண்மைக்காலப் பதிவுகள் பலவற்றுக்கு 8, 9 டெசிபல் வரை குறைப்பு வரும். கணினியின் ஒலியளவைக் கூட்டிக்கொள்ளுங்கள். பிளேயரில் உள்ள 'ப்ரீஆம்ப்' அளவை மேலே தள்ளாதீர்கள், உச்சங்கள் வெட்டுப்பட்டுக் கரகரக்கும். பழைய 'எம்பி3கெய்ன்' கருவியோடு இதைக் குழப்பிக்கொள்ளவும் கூடாது. அதன் 'அப்ளை' வேலை கோப்பின் உள்ளே இருக்கும் அளவையே 1.5 டெசிபல் படிகளில் மாற்றிவிடும்.

ஒரே ஆல்பம் பத்துத் துண்டாக உடைந்து தெரிகிறது.

எங்களுக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான். இதற்காகப் பிளேயரை மாற்றுபவர்கள் நிறைய, மாற்றியும் தீராது. குறை டேக்கில் இருக்கிறது.

பிளேயர் ஆல்பத்தை அடையாளம் காண்பது பெரும்பாலும் 'ஆல்பம்', 'ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்' என்ற இரண்டு டேக்குகளைச் சேர்த்து. இரண்டாவது காலியாக இருந்தால் 'ஆர்ட்டிஸ்ட்' டேக்கை எடுத்துக்கொள்ளும். பத்துப் பாட்டைப் பத்துப் பேர் பாடியிருந்தால் பத்து ஆல்பம் ஆகிவிடும். டேக் திருத்தும் கிட்3 மென்பொருளில் அந்த ஆல்பத்தின் எல்லாப் பாடல்களையும் தேர்ந்தெடுத்து, 'ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்' என்ற இடத்தில் ஒரே பெயரை எழுதிச் சேமியுங்கள். இசையமைப்பாளர் பெயராக இருக்கலாம், பலர் பாடிய தொகுப்பென்றால் 'வேரியஸ் ஆர்ட்டிஸ்ட்ஸ்' என்றும் இருக்கலாம். எல்லாவற்றிலும் ஒரே எழுத்தில் இருப்பதுதான் முக்கியம். பாடியவர் பெயர் 'ஆர்ட்டிஸ்ட்' டேக்கில் அப்படியே இருக்கட்டும்.

அதற்குப் பிறகும் உடைந்தால், ஆல்பம் பெயரின் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி ஒன்று ஒட்டியிருக்கும், அல்லது ஆண்டு மாறியிருக்கும். இரண்டு வட்டு ஆல்பமாக இருந்து பாடல் வரிசை கலைந்தால் 'டிஸ்க் நம்பர்' காலியாக இருக்கிறது. திருத்திய பின் பிளேயரில் தொகுப்பை மறுபடி அலச வையுங்கள். சிலவற்றில் முழு அலசல் தனிக் கட்டளையாக இருக்கும்.

நூற்றுக்கணக்கில் ஆல்பங்கள் இருந்தால் மியூசிக்பிரெய்ன்ஸ் பிக்கார்ட் உதவும். ஒலியின் கைரேகையை வைத்தே பாட்டைக் கண்டுபிடித்து டேக் எழுதும். ஒரு கோப்புறையில் சோதித்துப் பார்த்த பின்பே முழுத் தொகுப்பையும் கொடுங்கள். சேமிக்கும்போது பெயர் மாற்றவும் இடம் மாற்றவும் அதில் இரண்டு தெரிவுகள் உண்டு. தெரியாமல் இயக்கினால் நீங்கள் அடுக்கி வைத்த ஒழுங்கு கலைந்துவிடும்.

தமிழ்த் தலைப்புகள் கட்டங்களாகவோ, புரியாத எழுத்துகளாகவோ தெரிகின்றன.

கட்டங்கள் என்றால் எழுத்துரு இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் நிறுவினால் தீர்ந்தது.

உச்சரிக்கவே முடியாத ஐரோப்பிய எழுத்துக் குவியலாக இருந்தால், டேக் தவறான குறிமுறையில் எழுதப்பட்டிருக்கிறது. ஐடி3 டேக்கின் 2.3 பதிப்பில் லத்தீன்-1, யூடிஎஃப்-16 என்ற இரண்டுக்கே இடம், யூடிஎஃப்-8 வந்தது 2.4இல்தான். பழைய மென்பொருள்கள் டிஸ்கி போன்ற பழைய தமிழ்க் குறிமுறையின் எழுத்துகளை 'லத்தீன்-1' என்று பொய் முத்திரை குத்தி எழுதிவிட்டன. ஈஸிடேக் மென்பொருளின் விருப்பத்தேர்வுகளில், வழக்கத்துக்கு மாறான குறிமுறையில் ஐடி3 டேக்கைப் படிக்கும் வசதி இருக்கிறது. உள்ளே இருப்பது யூடிஎஃப்-8 என்றால் அதைத் தேர்ந்து படித்து, மறுபடி சேமித்தால் சரியாகிவிடும். டிஸ்கியாக இருந்தால் உரையை வெளியே எடுத்து எழுத்துரு மாற்றியில் போட்டுத்தான் மீட்க வேண்டும்.

வெறும் கேள்விக்குறிகள் தெரிந்தால் மூல எழுத்து அழிந்துவிட்டது. மறுபடி தட்டுவதைத் தவிர வழியில்லை.

நான் கொடுத்த நட்சத்திர மதிப்பெண்கள் எங்கே சேமிக்கப்படுகின்றன?

பிளேயரைத் தேர்ந்தெடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி இது. பலர் மாற்றும்போதுதான் கேட்கிறார்கள்.

ரிதம்பாக்ஸ் எல்லாவற்றையும் தன் தரவுத்தளத்தில் மட்டும் வைத்துக்கொள்கிறது. அது 'ரிதம்டிபி.எக்ஸ்எம்எல்' என்ற உரைக் கோப்பு. பாடல் கோப்பை வேறு கணினிக்குக் கொண்டுபோனால் நட்சத்திரம் கூட வராது. ஸ்ட்ராபெரியிலும் இயல்பில் தரவுத்தளம்தான். ஆனால் தொகுப்பு அமைப்புகளில் மதிப்பெண்ணையும் கேட்ட எண்ணிக்கையையும் பாடல் டேக்கிலேயே எழுதச் சொல்லும் தெரிவுகள் இருக்கின்றன. முதல் நாளே இயக்கிவிடுங்கள். குவோட் லிபெட்டும் டேக்கில் எழுத வல்லது.

டேக்கில் எழுதினாலும் எல்லாப் பிளேயர்களும் ஒன்றையொன்று புரிந்துகொள்ளும் என்று நம்பிவிட வேண்டாம். எம்பி3இல் 'பாப்எம்' என்ற சட்டகம் ஒரு வழி, 'எஃப்எம்பிஎஸ்' டேக்குகள் இன்னொரு வழி. ஒரு பாட்டுக்கு மதிப்பெண் கொடுத்து, அடுத்த பிளேயரில் திறந்து பாருங்கள். ஒத்துவராவிட்டால், ஐந்து நட்சத்திரப் பாடல்களை ஒரு பிளேலிஸ்டாகவும் நான்கு நட்சத்திரப் பாடல்களை இன்னொன்றாகவும் 'எம்3யூ8' வடிவில் சேமித்து எடுத்துச் செல்லலாம். அதை எல்லாப் பிளேயரும் படிக்கும்.

ஃபிளாட்பேக்கில் நிறுவினேன். இரண்டாவது வட்டில் உள்ள பாடல்கள் கண்ணுக்கே தெரியவில்லை.

ஃபிளாட்பேக் செயலி வேலிக்குள் ஓடுகிறது. பல இசைச் செயலிகளுக்கு வீட்டு அடைவின் 'மியூசிக்' கோப்புறை மட்டும்தான் திறந்திருக்கும். அனுமதிகளை மாற்றும் ஃபிளாட்சீல் செயலியை நிறுவி, பிளேயரைத் தேர்ந்து, கோப்பு முறைமைப் பகுதியில் 'அதர் ஃபைல்ஸ்' என்ற இடத்தில் அந்த வட்டின் முழுப் பாதையைச் சேருங்கள். பிளேயரை மூடித் திறக்க வேண்டும். ஸ்னாப்பாக இருந்தால் 'ரிமூவபிள்-மீடியா' இணைப்பை 'ஸ்னாப் கனெக்ட்' கட்டளையால் கையால் கொடுக்க வேண்டும். 'மீடியா', 'எம்என்டி' அடைவுகளுக்குக் கீழே உள்ளவை அதன் பிறகு தெரியும்.

வெளி வட்டைக் கழற்றி மாட்டினால் தொகுப்பே காணாமல் போகிறது.

வட்டு ஒவ்வொரு முறையும் அதே பாதையில் ஏறாததுதான் (மவுன்ட் ஆகாததுதான்) காரணம். பிளேயர் பாடலை நினைவில் வைப்பது முழுப் பாதையை வைத்து. பாதை மாறினால் பழைய பாடல் 'காணவில்லை', அதே பாடல் புதிதாக இன்னொரு முறை சேரும், நட்சத்திரங்கள் பழையதோடு போய்விடும்.

க்னோம் 'டிஸ்க்ஸ்' செயலியில் வட்டின் அந்தப் பிரிவை (பார்ட்டிஷனை) தேர்ந்து 'எடிட் மவுன்ட் ஆப்ஷன்ஸ்' திறந்து, ஒரு நிலையான ஏற்றப் புள்ளியைக் கொடுங்கள். அடையாளமாக யூயுஐடி என்ற மாறாத அடையாள எண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தெரிவுகளில் 'நோஃபெயில்' இருக்கட்டும். இல்லாவிட்டால் வட்டு மாட்டாத நாளில் கணினி தொடங்கும்போதே முரண்டு பிடிக்கும். வட்டை ஏற்றிய பிறகே பிளேயரைத் திறப்பது நல்ல பழக்கம்.

விண்டோஸோடு பகிரும் என்டிஎஃப்எஸ் வட்டில் டேக் சேமிக்க முடியவில்லை என்றால், விண்டோஸின் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதியைச் சந்தேகியுங்கள். அது விண்டோஸைப் பாதித் தூக்கத்தில் நிறுத்துகிறது. லினக்ஸ் அந்த வட்டைப் படிக்க மட்டும் ஏற்றும். விண்டோஸில் அந்த வசதியை அணைத்துவிட்டு முழுதாக மூடுங்கள்.

புதிதாகப் போட்ட பாடல்கள் தானாகத் தொகுப்பில் சேரவில்லை.

பிளேயர்கள் லினக்ஸின் மையமான கர்னலில் உள்ள 'ஐநோட்டிஃபை' என்ற வசதியால் கோப்புறைகளைக் கண்காணிக்கின்றன. ஒரு கோப்புறைக்கு ஒரு கண்காணிப்பு. பழைய கர்னல்களில் ஒரு பயனருக்கு 8192தான் உச்சம், 5.11 முதல் நினைவகத்தைப் பொறுத்துக் கூடுகிறது. உச்சத்தைத் தொட்டால் சில பிளேயர்கள் சத்தமில்லாமல் நின்றுவிடும். 'எஃப்எஸ்.ஐநோட்டிஃபை.மேக்ஸ்_யூசர்_வாட்சஸ்' மதிப்பை 524288 என்று உயர்த்துவது வழக்கம்.

பாடல்கள் பிணையச் சேமிப்பகத்தில் இருந்தால் இதனால் பயனில்லை. வேறொரு கணினி அங்கே போட்ட கோப்பை உங்கள் கர்னல் அறியாது. தொடங்கும்போது அலசும் தெரிவை இயக்குங்கள், அல்லது கையால் அலசுங்கள்.

பழைய கணினி, நினைவகம் குறைவு. எது தாங்கும்?

டெட்பீஃப், ஆடேஷியஸ் இரண்டும் இலகுவானவை. ஆடேஷியஸில் பழைய வினாம்ப் தோற்றங்களையும் போட்டுக்கொள்ளலாம். இன்னும் குறைக்க வேண்டுமென்றால் சிமஸ். ':ஆட்' என்று தட்டிக் கோப்புறைப் பாதையைக் கொடுத்தால் தொகுப்பு தயார். எக்ஸ் விசை பாடத் தொடங்கும், சி நிறுத்தித் தொடரும், பி (ஆங்கில வரிசையில் இரண்டாம் எழுத்து) அடுத்த பாட்டு, இசட் முந்தைய பாட்டு.

எம்பிடி என்பது பிளேயரா? நிறுவினேன், சத்தமே வரவில்லை.

எம்பிடி பின்னணியில் ஓடும் சேவை. அதற்கு முகம் கிடையாது. 6600ஆம் போர்ட்டில் காத்திருக்கும். கைபேசியிலிருந்தோ வேறு கணினியிலிருந்தோ ஒரு கிளையன்ட் வழியாக ஆட்டிவைக்கலாம். வரைகலைத் திரையை மூடினாலும் பாட்டு நிற்காது.

சத்தம் வராததற்கு வழக்கமான காரணம், டிஸ்ட்ரோ அதை 'எம்பிடி' என்ற தனிப் பயனராகக் கணினி முழுமைக்குமான சேவையாகத் தொடங்குவது. அந்தப் பயனருக்கு உங்கள் பைப்வயர் அமர்வும் தெரியாது, வீட்டு அடைவைத் திறக்கவும் அனுமதி இருக்காது. கணினிச் சேவையை நிறுத்தி முடக்குங்கள். 'சிஸ்டம்சிடிஎல் --யூசர்' மூலம் உங்கள் பயனர் சேவையாக ஓட்டுங்கள். அமைப்புக் கோப்பையும் உங்கள் 'கான்ஃபிக்' கோப்புறைக்கு நகலெடுத்து, பாடல் அடைவையும் தரவுத்தளத்தின் இடத்தையும் வீட்டுக்குள் காட்டுங்கள்.

சாளரத்தை மூடியதும் பிளேயர் மறைந்துவிடுகிறது, ஆனால் பாட்டு ஓடுகிறது.

அது தட்டுச் சின்னமாக (சிஸ்டம் ட்ரே ஐகானாக) ஒதுங்க முயல்கிறது. க்னோமில் அந்தத் தட்டு இயல்பில் இல்லை. ஆப்இண்டிகேட்டர் நீட்சியைச் சேருங்கள், அல்லது பிளேயரில் தட்டுச் சின்னத்தை அணையுங்கள். விசைப்பலகையின் ஊடக விசைகள் எம்பிரிஸ் என்ற பொது ஏற்பாட்டால் இயங்குகின்றன. பிரபலமான பிளேயர்கள் ஏறக்குறைய எல்லாமே அதைப் பேசுகின்றன.

ஒவ்வொரு பாட்டின் முதல் அரை வினாடி வெட்டுப்படுகிறது.

எல்லாப் பாட்டிலும் அல்ல, கொஞ்ச நேரம் நிறுத்திவைத்துத் தொடங்கும்போதுதான் என்றால், ஒலிக் கருவி தூங்கிப்போயிருக்கிறது. பைப்வயரோடு வரும் வயர்பிளம்பர், 5 வினாடி சும்மா இருக்கும் கருவியை உறங்க வைக்கும். சில யூஎஸ்பி டிஏசிகள் எழுந்து கொள்ளத் தாமதிக்கும், சில 'டக்' என்று ஒலிக்கும். வயர்பிளம்பரில் 'செஷன்.சஸ்பெண்ட்-டைம்அவுட்-செகண்ட்ஸ்' மதிப்பை அந்தக் கருவிக்கு 0 ஆக்கினால் உறங்காது. மடிக்கணினியின் உள் ஒலிக் கருவியென்றால் கர்னலின் மின்சேமிப்பும் காரணமாகலாம். அங்கே 'ஸ்னட்_எச்டிஏ_இன்டெல்' தொகுதியின் 'பவர்_சேவ்' மதிப்பை 0 ஆக்க வேண்டும்.

புளூடூத் ஹெட்ஃபோனில் திடீரென்று தொலைபேசிபோல் ஒலிக்கிறது.

ஏதோ ஒரு செயலி ஹெட்ஃபோனின் மைக்கைத் திறந்துவிட்டது. உடனே இணைப்பு இசைக்கான ஏ2டிபி முறையிலிருந்து அழைப்புக்கான முறைக்கு மாறுகிறது. அங்கே பெரும்பாலும் 16 அல்லது 8 கிலோஹெர்ட்ஸ்தான். ஒலி அமைப்புகளில் உள்ளீட்டுக் கருவியாகக் கணினியின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுங்கள். பிளேயருக்கும் இதற்கும் தொடர்பில்லை.

விண்டோஸில் செய்த பிளேலிஸ்ட் இங்கே காலியாகத் திறக்கிறது.

உரைத் திருத்தியில் திறந்து பாருங்கள். இயக்ககத்தின் எழுத்தோடு தொடங்கும் பாதைகள் இருந்தால் அந்தப் பகுதியை நீக்கி, பின்சாய்வுக்கோடுகளை முன்சாய்வுக்கோடுகளாக மாற்றுங்கள். அதன் பிறகும் சில பாடல்கள் மட்டும் விடுபட்டால், பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் மாறியிருக்கும். லினக்ஸ் கோப்பு முறைமைகள் பொதுவாக அவற்றை வேறுவேறாகவே பார்க்கும். பிளேலிஸ்டைப் பாடல் கோப்புறைக்குள்ளேயே வைத்துச் சார்புப் பாதைகளில் சேமித்தால், பிற்பாடு எங்கே நகர்த்தினாலும் வேலை செய்யும்.

அமரோக், கிளமென்டைன் இன்னும் உயிரோடு இருக்கின்றனவா?

அமரோக் 2008 டிசம்பரில் முழுதாக மாற்றி எழுதப்பட்டு 2.0 ஆனபோது, பழைய 1.4இன் தோற்றத்தை விரும்பியவர்களுக்காகக் கிளமென்டைன் 2010இல் பிறந்தது. அதன் நிலையான பதிப்பு 1.3.1 2016இல் வந்தது. அதிலிருந்து 2018இல் கிளைத்ததுதான் ஸ்ட்ராபெரி. கிளமென்டைன் பழகியவர்களுக்கு அங்கே பெரும்பாலானவை பழைய இடத்திலேயே இருக்கும், பாட்காஸ்ட் இல்லை. அமரோக் நீண்ட இடைவெளிக்குப் பின் 2024 ஏப்ரலில் 3.0 ஆகத் திரும்பி வந்திருக்கிறது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் கிளமென்டைனை விட்டுவிடலாம்.

கணினியை முழுதாக அழித்து மறுபடி நிறுவப்போகிறேன். எதையெல்லாம் நகலெடுப்பது?

பாடல் கோப்புறை, பிளேலிஸ்டுகள், பிளேயரின் தரவுத்தளம் மூன்றும் வேண்டும். பிளேயரை முதலில் மூடுங்கள், ஓடும்போது நகலெடுத்த தரவுத்தளம் பாதியில் நிற்கலாம். வீட்டு அடைவில் 'லோக்கல்', 'ஷேர்' ஆகியவற்றுக்குள் பிளேயர் பெயரில் ஒரு கோப்புறை இருக்கும், 'கான்ஃபிக்' கோப்புறைக்குள் அமைப்புகள் இருக்கும். ஃபிளாட்பேக் என்றால் இரண்டுமே 'வார்', 'ஆப்' அடைவுகளின் கீழ் அந்தச் செயலியின் பெயரில் இருக்கும். 'லோக்கல்', 'கான்ஃபிக்', 'வார்' மூன்றும் புள்ளியில் தொடங்கும் மறைவான கோப்புறைகள். கோப்பு மேலாளரில் கன்ட்ரோலும் எச்சும் சேர்த்து அழுத்தினால் தெரியும்.

புதிய நிறுவலில் பயனர்பெயரையும் வட்டின் ஏற்றப் பாதையையும் பழையபடியே வையுங்கள். பாதை ஓர் எழுத்து மாறினாலும் தரவுத்தளம் பாடல்களைத் தொலைத்துவிடும். பிளேயரை ஒருமுறைகூடத் திறக்காமல் கோப்புறைகளை அந்தந்த இடத்தில் வைத்து, வட்டை ஏற்றி, அதற்குப் பிறகு திறங்கள்.